எழுதாத கல்

என் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தில், ஒரு கருங்கல் பலகை வருஷக்கணக்காகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. நன்றாக மெருகேற்றிய கல், குனிந்தால் முகம் தெரியும். அதன் மேல் விளிம்பில் சோப்பு டப்பா வைக்கிறேன். மழைக்காலத்தில் ஈரச் செருப்பை அதன்மேல் சாய்த்துக் காய வைத்திருக்கிறேன். அது என் அம்மாவின் கல்லறைக்கு வாங்கிய கல்.

பெற்றவளின் கல்லறைக் கல்லில் எவளாவது செருப்பு காய வைப்பாளா? நான் வைத்தேன். இதை எழுதும்போதே கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. யார்மேல் என்று கேட்டால், சொல்கிறேன், கடைசியில் எல்லாம் ஒரே ஆளிடம்தான் வந்து நிற்கும்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கு. மாதா கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம், ஒரு ஏக்கர்கூடத் தேறாது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரைப் புதைத்து, மண்ணை மேடு கட்டி, தலைமாட்டில் மரச்சிலுவை நட்டுவிட்டு வருவோம். பிறகு வீட்டார் கல்லோ சிமெண்டோ வைத்துக் கட்டிவிட வேண்டும். கட்டிய இடத்தை யாரும் தொடமாட்டார்கள். கட்டாத மேடு ஐந்து வருஷம் தாண்டினால் காலி இடம், அடுத்த சாவுக்கு அங்கேதான் வெட்டுவார்கள். பழைய எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி அதே குழியின் அடியில் வைத்து, மேலே புதுப் பெட்டியை இறக்குவார்கள். இதில் அநியாயம் ஒன்றும் இல்லை, இருக்கிற இடம் அவ்வளவுதான். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறுகளில் பங்குச் சாமியார் பூசை முடிவில் இதை அறிவிப்பார். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கேட்டிருக்கிறேன். ஆமாம் ஆமாம் என்று தலைகூட ஆட்டியிருக்கிறேன்.

அம்மா இறந்த நாற்பது நாளுக்குள் கல் வாங்கியாயிற்று. அந்த வேகத்தைப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன். கல் பட்டறைக்காரர், "பேரு, பொறந்தது, செத்தது எழுதிக் குடுத்துட்டுப் போங்க டீச்சர், ரெண்டு நாள்ல கொத்திக் குடுத்துர்றேன்," என்றார். வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். நான்தான், "கீழ ஒரு வரி வேணும். யோசிச்சு அனுப்புறேன்," என்றேன்.

அந்த ஒரு வரிதான் ஏழு வருஷத்தைத் தின்றது.

நான் தமிழாசிரியை. கல்வராயன் மலையில், வெள்ளிமலையில், அரசுப் பள்ளியில் வேலை. காலையில் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து மேலே போய், சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கி வருவேன். எனக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. கல்யாணப் பத்திரிகைக்கு வாழ்த்து வேண்டுமா, நினைவஞ்சலி பேனருக்கு வாசகம் வேண்டுமா, ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு வேண்டுமா, "டீச்சர்கிட்ட போ" என்பார்கள். கேட்ட இடத்திலேயே எழுதிக் கொடுப்பேன். ஒருமுறை சக ஆசிரியை ஒருத்தி, மாமனாருடைய நினைவுநாள் பேனருக்கு நாலு வரி கேட்டாள். பஸ் மேலிருந்து கிளம்பியபோது கேட்டாள், அடிவாரம் வருவதற்குள் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி முடித்துவிட்டேன். நல்ல வரிகள். அவள் கண் கலங்கிவிட்டது. அந்த ஆளை நான் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது.

முன்பின் தெரியாத ஆளுக்குப் பஸ் ஆட்டத்தில் நாலு வரி வருகிறது. பெற்றவளுக்கு உட்கார்ந்த இடத்தில் ஒரு வரி வரவில்லை. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பெருமைதான் வந்தது. அடுத்தவர் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ததே என் வேலையிலிருந்து தப்பித்து ஓடத்தான் என்று இப்போது தெரிகிறது. ஊரெல்லாம் என்னைச் சுறுசுறுப்பு என்று சொன்னது. நானும் நம்பினேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கூலி வேலைக்குப் போனவள். கரும்பு வெட்ட, நாற்று நட, கடைசிக் காலத்தில் நூறு நாள் வேலைக்கு. படிப்பு கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெருமைக்காக, அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். அ, ஆ என்று ஆரம்பித்ததும் சிலேட்டைத் தள்ளிவிட்டாள். "அதெல்லாம் எனக்கு இன்னாத்துக்குடி? எம் பேரு எங்க கீதுன்னு காட்டு, போதும்," என்றாள். காட்டினேன். தன் பேரின் உருவத்தை மட்டும் மனசில் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நூறு நாள் வேலை வருகைத் தாளில் அத்தனை பேருக்கு நடுவில் தன் பேரைத் தானே தேடி விரல் வைப்பாளாம். ரேஷன் கார்டில் அதைத் தடவிப் பார்ப்பாள். வேறு எந்த எழுத்தும் அவளுக்கு வெறும் கோடுதான்.

அப்படிப்பட்டவளுக்கு நான் ஏழு வருஷம் வரி தேடினேன்.

அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன். "உழைத்த கைகள் உறங்குகின்றன." எழுதி அடித்தேன், ஊரில் பாதிப் பேனர்களில் அது நான் எழுதிக் கொடுத்ததுதான். "சேற்றில் நின்று எங்களைக் கரையேற்றியவள்." இரண்டு நாள் பிடித்தது, மூன்றாம் நாள் மேடைப் பேச்சாகத் தெரிந்தது. ஒரு வரியில் கரும்பு வரும், ஒன்றில் மலை வரும். மலைக்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்? அவள் ஒரே ஒரு தடவை என் பள்ளிக்கூடம் பார்க்க வெள்ளிமலைக்கு வந்தாள், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள், இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மலை வந்தது எனக்கு அழகாக இருந்ததால்.

தம்பி சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். மாதம் தவறாமல் போன் செய்வான்.

"அக்கா, கல்லு இன்னா ஆச்சி?"

"எழுதிக்கினு இருக்கேன்டா."

"பேர மட்டும் போட்டு வெச்சிரலாம்க்கா. நான் வண்டி எடுத்துக்கினு வரேன்."

"பேர மட்டும் போட்டா மொட்டையா இருக்கும். டீச்சர் அம்மாவுக்கு இவ்ளோதானான்னு கேப்பாங்கடா."

நான் சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள். டீச்சருடைய அம்மாவுக்கு. அவள் செத்தும் என் பேருக்குப் பின்னாலேயே நிற்க வேண்டியிருந்தது. பட்டறைக்காரர் கடையைக் காலி செய்தபோது கல்லை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது சோப்பு டப்பாவுக்கு ஆயிற்று.

பள்ளியில் நான் எப்படி என்று சொன்னால் சிரிப்பீர்கள். கட்டுரை நோட்டு கொண்டு வராதவர்களை எழுப்பி நிற்கவைப்பேன். "நாளைக்கு எழுதிட்டு வரோம் டீச்சர்" என்றால், "நாளைக்குன்னு ஒரு நாள் காலண்டர்ல இருக்கா?" என்று கேட்பேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து அத்தனை சுலபமாக வந்ததை நினைத்தால் என் வாயிலேயே போட வேண்டும்போல் இருக்கிறது.

ஒருநாள் மூன்றாவது பீரியட். தம்பி போன் செய்தான். எடுத்ததுமே அழுகை.

"அக்கா, அம்மா எடத்த வெட்டிட்டாங்க. வேற யாரோ செத்துட்டாங்களாம். பொதைச்சும் முடிச்சிட்டாங்கக்கா."

தலைமையாசிரியரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று நினைவில்லை. பஸ் வர நேரம் இருந்தது, அடிவாரத்துக்குப் போகிற ஜீப்பில் ஏறினேன். வழி நெடுக அந்தக் குழி வெட்டுகிறவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். என்னென்ன கேட்க வேண்டும், யார் யாரிடம் மனு கொடுக்க வேண்டும், மனுவில் முதல் வரி என்ன, எல்லாம் தயார். கச்சிராயபாளையம் வருவதற்குள் மனசில் ஒரு பக்கம் எழுதி முடித்திருந்தேன். கோபம் என்றால் மட்டும் எனக்கு வரி எவ்வளவு வேகமாக வருகிறது பாருங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அம்மா இருந்த இடத்தில் ஈரமான புது மண்மேடு. மேலே சாமந்தி மாலை, புதுச் சிலுவை, அதில் வேறு ஒரு பெண்ணின் பேர். குழி வெட்டுகிறவர் குழாயடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர். எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு வெட்டியவர் அவர்தான், அம்மாவுக்கும்.

"யாரக் கேட்டு வெட்டுனீங்க?" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரக் கேக்கணும் டீச்சரம்மா? சாமியாரு வருசா வருசம் சொல்லிக்கினுதான இருக்காரு. நீங்க முன்னாடியே குந்திக்கினு கேட்டீங்களே."

"எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"பண்ணா இன்னா சொல்லுவீங்க? கல்லு ரெடி, எழுதணும், அடுத்த மாசம்னுவீங்க. போன வருசமும் அதான் சொன்னீங்க, அதுக்கு முந்தின வருசமும் அதான் சொன்னீங்க." மண்வெட்டியைக் கீழே வைத்தார். "அந்தச் சிலுவை கரையான் அரிச்சி ரெண்டு வாட்டி வுழுந்துச்சி. நாந்தான் வேற கட்டை வெச்சி நட்டேன். உங்கம்மா கையால சோறு துன்னவன் நானு. ரெண்டு வருசமா அந்த மேட்டத் தொடாம அந்தாண்ட இந்தாண்ட வெட்டிக்கினு வந்தேன். இப்ப எடமே இல்லீங்க. நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க."

ஜீப்பில் எழுதிய மனுவில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

"எலும்ப வெள்ளத் துணியில கட்டி அடியிலயே வெச்சிருக்கேன். ஒண்ணுகூட வெளிய போவல," என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். அதற்காகவே அவரை அப்போது வெறுத்தேன். என் அம்மாவுக்காக இரண்டு வருஷம் ஒரு கூலிக்காரர் காத்திருந்தார். கரையான் அரித்த சிலுவை மாறியதுகூட எனக்குத் தெரியாது. வருஷம் ஒருமுறை மெழுகுவத்தி ஏற்றப் போனபோது எதைப் பார்த்தேன்? அந்த இடத்தில் கல் வந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொண்டிருந்திருப்பேன்.

தம்பி சாயங்காலம் வந்தான். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். "உன்கிட்ட எத்தினி வாட்டி சொன்னேன்? நான் ஒரு கல்லு வெச்சிருந்தா ஒனக்கு இன்னா கொறஞ்சிருக்கும்?"

"நீ வெச்சிருக்க வேண்டியதுதான. நானா புடிச்சிக்கினேன் ஒன் கைய?"

"நீதான்க்கா புடிச்சிக்கின. மொட்டையா இருக்கும்னு சொன்னது ஆரு? படிச்சவ சொல்றாளேன்னு சும்மா இருந்தேன் பாரு, என்னத்தான் செருப்பால அடிக்கணும்."

பதிலுக்கு நானும் ஏதோ சொன்னேன். இரண்டு பேரும் சொல்லக்கூடாததைச் சொன்னோம். காபியைக் குடிக்காமலே கிளம்பிப் போனான். அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த போனும் நின்றுபோயிற்று.

துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி சிலர் வந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், "ஒங்கம்மாவ வுட்டுட மனசு வரலடி ஒனக்கு. கல்லு வெச்சிட்டா அவங்க நெசமாவே போயிட்டாங்கன்னு ஆயிடுமே, அதான்," என்றாள். கேட்க இதமாக இருந்தது. அந்த இதம்தான் எனக்கு ஆகவில்லை. பொய். அம்மா போய்விட்டாள் என்பது அவள் போன அன்றைக்கே எனக்குத் தெரியும். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. கல் நின்றுவிட்டால் வரியும் நின்றுவிடும். மழை பெய்தாலும் அழியாது, அடித்துவிட்டு வேறு எழுத முடியாது. வருகிறவன் போகிறவன் எல்லாம் படிப்பான். படித்துவிட்டு, இவ்வளவு பேசுகிறாளே, பெற்றவளுக்கு எழுதினது இதுதானா என்று ஒருத்தன் நினைத்துவிட்டால்? எழுதாத வரைக்கும் நான் நல்ல வரி எழுதக்கூடியவள். எழுதிவிட்டால் எழுதினது மட்டும்தான். ஏழு வருஷம் நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது அம்மாவை இல்லை, என்னை.

சோம்பேறி என்று யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. சோம்பேறிக்குத் தூக்கமாவது மிச்சம். நான் விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, பஸ் பிடித்து, மலை ஏறி இறங்கி, திருத்த வேண்டிய நோட்டெல்லாம் திருத்தி, ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்து, இடுப்பு ஒடிய உழைத்து அந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டவள். அப்புறம் கைப்பேசியில் வீடியோ வேறு. தள்ளிப்போடும் பழக்கத்தை ஒழிப்பது எப்படி என்று கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அதில் மூன்றைப் பார்த்துவிட்டு, நாலாவதையும் பார்த்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். கைப்பேசியைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

அம்மாவின் இடத்தில் புதைத்தவளுக்கு முப்பதாம் நாள் வந்தது. அந்த வீட்டார் அன்றைக்கே சிலுவை கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை, பள்ளி இல்லை. சண்டைக்குத்தான் போனேன், மறைக்க ஒன்றுமில்லை. கீழே இருப்பது என் அம்மா, என் கல்லுக்குத் தலைமாட்டில் இடம் விட வேண்டும் என்று கேட்கப் போனேன். கல்லில் இன்னும் ஒரு எழுத்துகூட இல்லை என்பது வழியில்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் திரும்பவில்லை.

அங்கே ஒரே ஒரு பெண் இருந்தாள். இறந்தவளின் மகள். நாற்பது வயதிருக்கும், கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். கொத்தனார் யாரும் இல்லை, அவளே செங்கல் அடுக்கி, அவளே கலவை குழைத்து, சிலுவைக்கு அடியில் அகலமாக ஒரு மேடை கட்டி முடித்திருந்தாள். முகப்பைக் கரணையால் இழைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. நல்ல நேரத்துல வந்தீங்க. எனக்கு எழுத்து வராது. எங்க சித்தப்பா பையன் வரேன்னான், இன்னும் காணல. நீங்களே எங்கம்மா பேர எழுதிக் குடுத்துருங்க. ஈரம் போச்சுன்னா ஆணி எறங்காது." ஒரு நீள ஆணியை என் கையில் வைத்தாள்.

சண்டைக்கு வந்தவள் ஆணியை வாங்கிக்கொண்டு மண்டியிட்டேன். பேர் கேட்டேன். சொன்னாள். எழுதினேன். அழகாக, சீராக, ஒரே மூச்சில். அடுத்தவர் அம்மா இல்லையா, கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"கீழ ஏதாச்சும் வரி எழுதணுமா?" என்று கேட்டேன். பழக்க தோஷம்.

"வரியா? வேணாங்க." கொஞ்சம் யோசித்து, கரணையால் கீழ்ப்பக்கத்தைக் காட்டினாள். "இங்க எடம் வுட்டுருக்கேன் பாருங்க, உங்கம்மா பேரையும் எழுதுங்க. குழி வெட்டுனவரு சொன்னாரு, மொதல்ல அவங்க எடந்தான இது. எங்கம்மா பின்னால வந்தவங்க."

கேட்காமலே இடம் விட்டிருந்தாள். நான் கேட்க நினைத்த சண்டை எதுவுமே மிச்சமில்லை. அப்போதுகூட என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"இல்லம்மா, எங்கம்மாவுக்கு ஒரு வரி யோசிச்சு வெச்சிருக்கேன். நாளைக்கு வந்து..."

"நாளைக்கா?" அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சிமெண்ட்டு காஞ்சிக்கினு இருக்குதுங்க! இன்னா யோசன? பெத்தவங்க பேரு தெரியாதா உங்களுக்கு? எழுதுங்க!"

அப்படி என்னிடம் யாரும் பேசினதில்லை. முகத்தில் சூடேறியது. அடுத்த நொடி ஆணி சிமெண்டில் இறங்கிவிட்டது. முதல் எழுத்து கோணிக்கொண்டது. இரண்டாவது எழுத்தில் ஒரு மணல் பரல் தடுக்கிக் கோடு பிசகியது. அழித்துச் சரிசெய்யப் போனேன். "வுடுங்க, வுடுங்க, தெரியுது," என்றாள் அவள். ஈரம் போய்க்கொண்டிருந்தது, கடைசி எழுத்துக்கு ஆணியை இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. முடித்து நிமிர்ந்தபோது, அவள் தன் அம்மாவுக்கு ஏற்றியிருந்த மெழுகுவத்தி விரற்கடைகூட உருகியிருக்கவில்லை.

அவ்வளவு நேரம்தான். ஏழு வருஷமாக நான் தள்ளிப்போட்ட வேலை அவ்வளவு நேரத்து வேலை. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அந்தப் பெண் பயந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் வாளியைக் கழுவப் போனாள். எழுத்தைப் பார்த்தேன். பிறந்தது இல்லை, இறந்தது இல்லை, வரி இல்லை. மொட்டையாக, கோணலாக, பேர் மட்டும். தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வெகுநேரம் கழித்து, "நல்லா இருக்குதுக்கா," என்று மட்டும் பதில் வந்தது.

கிளம்புமுன் குனிந்து அந்த எழுத்துகளின் கீழே விரலை வைத்தேன், வருகைத் தாளில் அம்மா வைப்பாளே, அதே மாதிரி.

"இதோ கீதும்மா," என்றேன்.